பௌத்திரன் என்பதைப் பௌத்திரம் என்று திருத்தி வாசிக்கவும்

அன்பும் பயமும் ஒருசேர அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் நின்றபடி நலம். அங்கே நீ உட்கார்ந்தபடி நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். உட்காருவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை இந்த ஏழு வாரத்தில் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன். இந்தக் கடிதத்தையும் அலமாரியின் மேல்தட்டில் தாளை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருந்தால் அலமாரியைக் கோபித்துக்கொள். என்னைக் கோபித்துக்கொள்ள வேறு காரணங்கள் கீழே வருகின்றன.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் நம் சொந்தக்காரர்கள் பதின்மூன்று பேரும் வேன் பிடித்து என் பேரனைப் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து வர வேண்டாம். பேரன் இல்லை. பதறாதே, அசம்பாவிதம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் பிறக்கவே இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உனக்குக் காது மந்தம். ஒரு சொல்லை நான்கு தடவை கத்தினால்தான் பாதி கேட்கும். இந்தச் சொல்லை நான் நான்கு தடவை கத்தினால் என் தெரு முழுக்கக் கேட்கும்.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் எனக்கு உட்காரும் இடத்தில், மலவாய்க்கு ஓரமாக, ஒரு கட்டி வந்தது. வந்தது உடைந்தது. உடைந்ததோடு போயிருந்தால் உனக்கும் எனக்கும் இந்தக் கடிதம் மிச்சம். அது ஆறுவதுபோல் ஆறி, மறுபடி கசிந்து, உள்ளேயிருந்து வெளித்தோல் வரை தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டுவிட்டது. இதற்குத் தமிழில் பௌத்திரம் என்று பெயர். நாற்பத்தொரு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். எத்தனையோ மருத்துவப் புத்தகங்களில் இந்தச் சொல்லைப் பார்த்து, ஔகாரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கவனித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். நமக்கே வரும் என்று தோன்றியதில்லை. நம் அப்பா கடைசி வரை நாற்காலியின் நுனியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார், ஞாபகம் இருக்கிறதா? மிடுக்கு என்று நினைத்து நீயும் நானும் அவர் இல்லாதபோது அப்படியே உட்கார்ந்து காட்டிச் சிரிப்போம். அது மிடுக்கு இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. சிரித்ததற்கு இப்போது வருத்தப்பட்டு என்ன பிரயோசனம்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், நல்ல மனுஷர். என்னைச் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "ஆறு மணில உள்வாய், ஏழு மணில வெளிவாய். எழுதிக்குங்க" என்றார். எனக்கு வெட்கத்தில் காது அடைத்திருந்தது. ஆறு மணிக்கு உள்வாயில், ஏழு மணிக்கு வெளிவாயில் என்று எனக்குத்தான் ஏதோ நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியின் உள்வாயிலில் போய் நின்றேன். ஏழு மணிக்குத் தெருப்பக்கத்து வெளிவாயிலுக்கு வந்து நின்றேன். காவலாளி என்னை இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தார். எட்டரைக்கு வேலைக்கு வந்த அதே நர்ஸ், "ஐயா, அது உங்க உடம்புல இருக்கற இடம். கடிகாரம் மாதிரி வச்சுச் சொல்றது" என்றார். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

மகளிடம் சொல்லவில்லை. அவள் ஒரு பஸ் தூரத்தில்தான் இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் வருகிறவள். அச்சகத்தில் அவசர வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்ற ஆளுக்கு என்ன அவசர வேலை என்றாள். அகராதி என்றேன். எந்த எழுத்து வரை வந்திருக்கிறது என்று தினமும் கேட்டாள். கடைசியாகக் கேட்டபோது 'ப'வில் இருந்தேன். பெற்ற மகளிடம் போய்ப் பின்பக்கத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? அவள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவள் மூலமாகச் சொல்லியிருப்பேன். 'மூலம்' என்ற சொல்லைக்கூட இப்போதெல்லாம் யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆபரேஷன் முக்கால் மணி நேரம். வேலையே அதற்கப்புறம்தான். தையல் கிடையாது, அக்கா. வெட்டி, வழித்து, வாய் பிளந்தபடியே விட்டுவிடுகிறார்கள். "மேல தோல் முந்திக்கிட்டு மூடிடக் கூடாது. உள்ளேருந்து நிரம்பி நிரம்பி மேல வரணும். ஒண்ணரை மாசமாகும்" என்றார் டாக்டர். காலையில் கழிப்பறைக்குப் போய் வந்ததும் ஒரு தடவை, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் அதில் உட்கார வேண்டும். பிறகு ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கசிவு இருக்கும், அதற்குப் பஞ்சு அட்டை வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கீரையும் பழமும் சாப்பிட வேண்டும், எந்தக் காரணத்தைக் கொண்டும் முக்கக் கூடாது. இது போக, தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். கட்டுப் போடும் அறையில் இருக்கிற சிஸ்டருக்கு நான் வைத்த பெயர் 'அடுத்து'. வாயைத் திறந்தால் "அடுத்து" என்பதைத் தவிர வேறு வராது. பழைய துணியை எடுத்து, கழுவி, மருந்தில் நனைத்த புதுத் துணியைப் புண்ணுக்குள் மெத்தென்று வைத்து, நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே "அடுத்து" என்பார். நான் வேட்டியைக் கட்டுவதற்குள் அடுத்தவர் மேஜையில் ஏறியிருப்பார். வாழ்நாளெல்லாம் பிறர் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்தவன் தினமும் ஒரு பெண்பிள்ளை முன்னால் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒருவர் பார்த்ததை நான் ஒரு தடவை பார்க்காமல் விட்டதே இல்லையே. இரண்டாம் வாரம் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் போட்டு, அதன் மேல் குந்தி, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு புண்ணைப் பார்வையிட ஆரம்பித்தேன். ஈய எழுத்துக் காலத்தில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிப் படித்துப் பழகியவனாயிற்றே, எனக்கு இது சுலபம். ஓரங்கள் ஒன்றையொன்று நெருங்குவதாகத் தோன்றியது. நெருங்குவதை இன்னும் கொஞ்சம் நெருக்கிவிட்டால் சீக்கிரம் ஆறுமே என்று, உள்ளே வைத்திருந்த துணியை உருவிவிட்டு, பிளாஸ்திரியை இழுத்துக் குறுக்கே ஒட்டி, மேலே முகத்துக்குப் போடும் பவுடரையும் தூவிவிட்டேன். இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் பெருமையாகப் போய்ப் படுத்தேன். 'அடுத்து' சிஸ்டர் முதல் தடவையாக வேறு வார்த்தை பேசினார். "யாருங்க இதைப் பண்ணது?" என்றார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையுறையை மாட்டினார். மூடியதைப் பிரித்தார்கள். அதைப் பற்றி எழுத மாட்டேன், உனக்கு ரத்த அழுத்தம். ஆறு வாரம் எட்டு வாரம் ஆனது என் கைங்கரியத்தால்தான்.

இனி கடிதங்களுக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள், யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்தது. உன்னை விட்டால் யார்? ஆனால் அந்த இடத்தின் பெயரை எழுதக் கை வரவில்லை. நோயின் பெயரை ஒரே ஒரு தடவை எழுதிவிட்டு, மற்றதையெல்லாம் நாசூக்காக முடித்துக்கொண்டேன். எழுதியது இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. 'அக்கா, நம் வீட்டில் நான் கொஞ்சமும் எதிர்பாராத ஒன்று. பௌத்திரம். அறுவை செய்துதான் எடுத்தார்கள். இப்போது நலம். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை துணி மாற்ற வேண்டியிருக்கிறது. வெந்நீர் பட்டால் சமாதானமாகிறது. என்னைத்தான் தூங்க விடுவதில்லை. ஆனாலும் நாளுக்கு நாள் தேறி வருகிறது. இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம்.' திரும்பப் படித்துப் பார்த்தால் ஒரு பிழை கிடையாது. பிழையில்லாமல் ஒருவனால் இவ்வளவு தப்பாக எழுத முடியும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

நீ பதில் போட்டாய். 'தம்பி, அழுதுகொண்டே படித்தேன். உன் மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் காத்திருந்ததற்குப் பலன். சந்தோஷத்தில் உனக்கே கை தவறிவிட்டது பார், பௌத்திரன் என்பதற்கு ம் போட்டிருக்கிறாய். நான் பேனாவால் திருத்திவிட்டேன். எடை எவ்வளவு? யார் ஜாடை?' என்று எழுதியிருந்தாய். அக்கா, நான் எழுதிய ஒரு எழுத்தை இதுவரை எந்த ஆசிரியரும் திருத்தியதில்லை. நீ திருத்தினாய், அதுவும் சரியாக இருந்ததை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பௌத்திரன் என்றால் மகன் வயிற்றுப் பேரன். மகள் வயிற்றுப் பேரன் தௌகித்திரன். எனக்கு மகனே கிடையாது என்பது என்னோடு பிறந்த உனக்குத் தெரியாதா? ஆயிரக்கணக்கான கல்யாணப் பத்திரிகைகளில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டவர்களோடு சண்டை போட்டவன் நான். கோபத்தோடு உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அதாவது நின்றேன்.

அன்றைக்கே எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். 'இல்லை அக்கா, குழந்தை இல்லை, புண்' என்று ஐந்து சொல். எழுதவில்லை. எந்த இடத்தில் புண் என்று நீ கேட்பாயே என்று பயம். 'எல்லாம் நலம். அப்பாவுக்கு இருந்த மாதிரியே' என்று மட்டும் எழுதினேன். பொய் எழுதவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கோழை என்றால் நான்தான் அக்கா, வேறு ஆளே தேட வேண்டாம்.

அதற்கப்புறம் உட்காருவதற்கு ஏதாவது வளையம் கிடைக்குமா என்று விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். குழந்தைகள் நீச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் காற்று வளையம், முன்னால் ஒரு வாத்துத் தலையோடு இருந்தது. கடைக்காரர் ஊதிக் காட்டிக்கொண்டே, "பேரனுக்குங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். "எத்தனை மாசம்?" என்றார். "ஒரு மாசந்தான் ஆகுது" என்றேன். "அதுக்குள்ள நீச்சலா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த 'ஆமாங்க' வாயிலேயே இனித்தது. வளையத்தில் உட்கார்ந்து பார்த்தேன், புண்ணை இரண்டு பக்கமும் இழுத்தது. டாக்டரிடம் கேட்டபோது அதெல்லாம் கூடவே கூடாது என்றுவிட்டார். ஆனால் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதன் பிறகு எழுதிய மூன்றாவது கடிதத்தில்தான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். முதல் இரண்டு கடிதத்திலும் எல்லாம் அஃறிணையாகவே இருந்ததை நீயே எடுத்துப் பார். மூன்றாவதில் 'அவன்' ஆகிவிட்டது. 'வெந்நீரில் விட்டால் சிரிக்கிறான்' என்று எழுதினேன். இதற்கு என்ன சமாதானம் சொல்வது? அந்த ஒரு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன், அக்கா. அதை நினைத்தால்தான் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

நீ சத்தியத்தைக் காப்பாற்றினாய், தெரியும். நாலே நாலு பேரிடம், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னாய். அவர்களும் அப்படியே சொல்லித்தான் சொல்லியிருக்கிறார்கள். என் மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது நம் சித்தி மகள் போன் செய்து, "ஏன்டி, பெத்ததைக்கூடச் சொல்லக் கூடாதா? நாங்க என்ன கண்ணா வச்சிடுவோம்?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்காதவளிடம். பெரியவர் கடைசி வரியை மூன்று தடவை படித்துவிட்டுச் சரியா என்று கேட்டாராம். இவள் காதில் விழவே இல்லையாம். இதெல்லாம் மாப்பிள்ளை பிறகு போனில் சொன்னது.

அன்று சாயங்காலம் அவள் நேரே இங்கே வந்தாள். நான் பின்கட்டில் தொட்டியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்த் திறப்பதற்குள் வந்தவர்கள் போய்விடுகிறார்கள் என்று கதவைத் தாழ் போடாமல் வைத்திருப்பேன். தேடிக்கொண்டே பின்கட்டுக்கு வந்து நின்றாள். நான் துண்டை இழுத்து மூடிக்கொண்டேன்.

"எங்கப்பா அவன்?"

"யாரும்மா?"

"உங்க பேரன்."

எழவும் முடியாமல், மறைக்கவும் முடியாமல், "பேரன் இல்லம்மா. பௌத்திரம்" என்றேன். இத்தனை வாரத்தில் அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் குனிந்து தொட்டித் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தாள். "ஆறிப்போச்சு" என்றாள். உள்ளே போய் வெந்நீர் வைத்து, விளாவிக் கொண்டுவந்து ஓரமாக ஊற்றினாள். உலர்ந்த துண்டை எட்டும் இடத்தில் போட்டாள். "கதவைத் தாழ் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இன்றோடு பதினோரு நாள். அவளிடமிருந்து போன் இல்லை. அகராதி எந்த எழுத்தில் இருக்கிறது என்று கேட்பார் இல்லை.

ஆகையால் உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். புத்தகத்தில் தப்பு நேர்ந்துவிட்டால் கடைசியில் பிழைதிருத்தம் என்று ஒரு தாள் ஒட்டுவோம். இதை அப்படி எடுத்துக்கொள். பௌத்திரன் என்று நீ திருத்தியதைப் பௌத்திரம் என்று பழையபடி திருத்தவும். 'சிரிக்கிறான்' என்பதை அடியோடு அடித்துவிடவும். அந்த நாலு பேரையும் கூப்பிட்டுக் குழந்தை இல்லை, தம்பிக்கு உட்காரும் இடத்தில் ஆபரேஷன் என்று சொல்லவும். இடத்தின் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை, சிரித்தாலும் பரவாயில்லை. வேனை நிறுத்தவும். பதினாலு பேர் வந்து அவள் வீட்டு வாசலில் இறங்கினால் அவள் முகத்தில் நான் இனி எப்படி விழிப்பேன்? வெட்கத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன், அவளை அத்தனை பேர் வாயிலும் போட்டுவிட்டேன். புண் ஆறிவிடும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்கிறார். இதைப் பற்றி அவரிடம் கேட்க முடியாது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். மாத்திரையை மறக்காதே. மலச்சிக்கலை மட்டும் அண்ட விடாதே. வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும் நின்ற திருக்கோலத்தில் சொல்லவும்.

தவறுக்கு வருந்தும்,
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே 'வர வேண்டாம்' என்று இருக்கும் இடங்களிலெல்லாம் 'வரவும்' என்று மாற்றிப் படிக்கவும். ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேரும் அவசியம் வரவும், ஆனால் அவள் வீட்டுக்கு வேண்டாம், என் வீட்டுக்கு. யாரிடமும் நீ எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தை உறையில் போடப் போகும்போது மகள் வந்துவிட்டாள். ஒரு பை நிறையப் பஞ்சு அட்டையும் மருந்தும் வைத்திருந்தாள். அலமாரித் தட்டில் இருந்த கடிதத்தைக் கேட்காமலே எடுத்து, நின்றபடியே முழுக்கப் படித்தாள். வாத்து வந்த இடத்தில் சிரித்தாள். பிறகு, "வரட்டும்ப்பா. நானே சொல்லிக்கறேன். அவங்க கேக்கறதும் நான் இல்லைன்னு சொல்றதும் எனக்குப் பழகிப்போச்சு. அதுக்கா பதினோரு நாள் பேசாம இருந்தேன்னு நெனச்சீங்க?" என்றாள். வேறு எதற்கு என்றேன். அன்று வெந்நீர் சுடுகிற நேரத்தில் மேஜை மேல் கிடந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பார்த்திருக்கிறாள். ஆபரேஷனுக்கு முன்னால் நான் பூர்த்தி செய்து கொடுத்த படிவத்தின் நகலும் அதில் இருந்தது. அதில் 'உடனிருக்கும் உறவினர்' என்ற இடத்தில் 'யாரும் இல்லை' என்று என் கையால் எழுதியிருந்தேன். "பேரன் இருக்கான்னு மூணு கடுதாசி எழுதத் தெரிஞ்சுதுல்ல. மக ஒருத்தி இருக்கான்னு ஒரு ஃபாரத்துல எழுதத் தெரியலையா உங்களுக்கு?" என்றாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தப் படிவத்தை நான் வழக்கம்போல் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், அக்கா. ஒரு பிழையும் என் கண்ணில் படவில்லை.